ஒரே தண்ணிதான், மணி பிளான்ட் செழிக்குது, லக்கி பேம்பூ நுனி கருகுது. என்ன காரணம்?

ஜன்னலோரம் (தருமபுரி)

எல்லாருக்கும் வணக்கம். தருமபுரி டவுனைத் தாண்டி, புதுசா மனை பிரிச்ச இடத்துல எங்க வீடு. வீட்டுக்குள்ள மண்ணே இல்லாம தண்ணியில மட்டும் செடி வளர்க்கிறேன். மண் தொட்டி பிடிக்காதுன்னு இல்லைங்க. ஹால்ல மண் சிந்தினா மாமியாருக்கு ஆகாது, வெளிச்சம் வர்ற ஒரே ஜன்னலும் ஹால்லதான் இருக்கு. பேச்சுவார்த்தை நடந்து கடைசியில பாட்டில்ல வந்து நின்னோம்.

ஜன்னல் திட்டு முழுக்க காலி ஜாம் பாட்டில், ஊறுகாய் பாட்டில், ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். மணி பிளான்ட் கம்பியைச் சுத்திச் சுத்தி ஏறி கர்ட்டன் ராடைப் பிடிச்சிடுச்சு. சிங்கோனியமும் பிரமாதம், வேர் பாட்டில் முழுக்க அடைச்சுக்கிட்டு இருக்கு. இந்த ரெண்டையும் பார்த்துட்டு வர்றவங்க எல்லாம் "கைராசி"ன்னு சொல்லிட்டுப் போறாங்க.

அவங்க கண்ணுல படாம நான் ஒளிச்சு வெச்சிருக்கிறது லக்கி பேம்பூவை. கிரகப்பிரவேசத்துக்கு நாத்தனார் பெங்களூர்லேர்ந்து மடியில வெச்சுக்கிட்டே கொண்டுவந்தது. மூணு அடுக்கு, சிவப்பு ரிப்பன், கண்ணாடிக் கிண்ணத்துல கூழாங்கல். அவங்க ஒவ்வொரு வாட்டி வரும்போதும் முதல்ல அதைத்தான் பார்க்கிறாங்க. அது செத்தா நான் பதில் சொல்லணும்.

என்ன ஆகுதுன்னா, இலை நுனியிலேர்ந்து காய்ஞ்சுக்கிட்டே வருது. முதல்ல நுனி வெளுக்குது, அப்புறம் பழுப்பாகுது. பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவுல மெல்லிசா ஒரு மஞ்சள் கோடு. இலையோட நடுப்பகுதி நல்லாத்தான் இருக்கு. குருத்து சுத்தமா விரியுது, ஆனா கொஞ்ச நாள்ல அதுக்கும் இதே கதி. தண்டு பச்சையா கெட்டியா இருக்கு. வேர் மட்டும் செங்கல் நிறத்துல இருக்கு. அழுகலா?

பக்கத்துல ஒரு ஸ்பைடர் பிளான்ட் குட்டியும் தண்ணியில விட்டிருக்கேன். அதுக்கும் அச்சு அசல் இதே நோய்.

தண்ணி விஷயம் சொல்லிடறேன். எங்க மனைக்கு இன்னும் குழாய் இழுக்கலை, எல்லாம் போர் தண்ணிதான். குடிக்க ஆர்.ஓ. மெஷின் போட்டிருக்கோம். அதுலேர்ந்து கழிவாப் போற தண்ணியைக் கீழ விட மனசு வரலை. வாளியில பிடிச்சு பாத்திரம் கழுவ, துணி அலச, செடிக்கு ஊத்தன்னு வெச்சுக்கிறேன். பாட்டில்ல தண்ணி குறையக் குறைய அதைத்தான் ஊத்துறேன். யாரோ குளோரின்தான் காரணம்னு சொன்னாங்க, ராத்திரி முழுக்கத் திறந்து வெச்சு ஊத்திப் பார்த்தேன். இன்னொருத்தர் சொல்லி, கொதிக்க வெச்சு ஆற வெச்சும் ஊத்தினேன். ஒண்ணும் மாறலை.

ஒரே ஜன்னல், ஒரே வாளித் தண்ணி. ரெண்டு செடி ஆடுது, ரெண்டு செடி வாடுது. புரிஞ்சவங்க சொல்லுங்க. யூடியூப்ல ஆஸ்பிரின் போடு, சர்க்கரை போடு, செம்புக் காசு போடுன்னு சொல்றதை எல்லாம் நானும் பார்த்துட்டேன்.


பால்கனிவாசி

உதவுற மாதிரி பதில் என்கிட்ட இல்லை, ஒரே ஒரு சந்தேகம்தான். மணி பிளான்ட்டை எங்கேர்ந்து கொண்டுவந்தீங்க? சொல்லாம கொள்ளாம பக்கத்து வீட்டுல கிள்ளிட்டு வந்ததா இருந்தா அது செழிக்காம என்ன செய்யும்! காசு கொடுத்து வாங்கினதை எங்க அம்மா வீட்டுக்குள்ளயே விடமாட்டாங்க. லக்கி பேம்பூவை நாத்தனார் பில் போட்டு வாங்கியிருப்பாங்க, அதான் கோளாறு.


ஓசூர்நர்சரி

அக்கா, ஓசூர் பக்கம் சின்னதா நர்சரி வெச்சிருக்கேன். தெரிஞ்சதைச் சொல்றேன்.

வேருக்குப் பயப்படாதீங்க. லக்கி பேம்பூ மூங்கிலே கிடையாது, டிரசீனா சாதி. அதுக்கு வேர் ஆரஞ்சு, செங்கல் நிறத்துலதான் வரும். அழுகின வேர்னா கறுத்து கொழகொழன்னு இருக்கும், ரெண்டு விரல்ல பிடிச்சு இழுத்தா தோல் தனியா கழண்டு வரும். தண்ணியும் நாறும். அந்த மாதிரி இல்லைன்னா வேர் நல்லா இருக்குன்னு அர்த்தம்.

இது வெயில் அடிச்சதும் இல்லை. வெயில் பட்டா வெளிச்சம் விழுற பக்கம் இலை நடுவுல திட்டுத் திட்டா வெளுக்கும். எல்லா இலையும் சொல்லி வெச்ச மாதிரி நுனியில மட்டும் கருகுதுன்னா வேர் வழியா ஏதோ ஏறுதுன்னு அர்த்தம். தண்டு அடியில மஞ்சளாகுதான்னு மட்டும் அப்பப்போ பாருங்க. அப்படி மஞ்சளாகி மெத்துனு ஆன தண்டு திரும்பாது. மஞ்சளுக்கு மேல நல்ல பச்சையில வெட்டி எடுத்து வேற கிண்ணத்துல வைக்கணும், இல்லைன்னா கூட இருக்கிறதையும் கெடுத்துடும்.

ஒண்ணு சொல்லணும். எங்க அப்பா காலத்துலேர்ந்தே டிரசீனா, கார்டிலைன், ஸ்பைடர் பிளான்ட் இந்த மூணுக்கும் நாங்க சூப்பர் பாஸ்பேட் உரம் போடுறதில்லை. போட்டா நுனி கருகும். மணி பிளான்ட்டுக்கு எவ்வளவு போட்டாலும் ஒண்ணும் ஆகாது. ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. நீங்க எழுதினதைப் படிச்சதும் இதுதான் ஞாபகம் வந்துச்சு.

பாட்டில் உள்பக்கம் தண்ணி மட்டத்துல வெள்ளையா வளையம் கட்டியிருக்கா? பார்த்துச் சொல்லுங்க.

என்னைக் கேட்டா டிரசீனாவை மண்ணுக்கு மாத்திடுங்கன்னுதான் சொல்வேன். ஆனா மாத்துறதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. தண்ணியில பிடிச்ச வேர் சதையா, தொட்டா ஒடியுற மாதிரி இருக்கும். உள்ளே காத்துப் போக பொந்து பொந்தா இருக்கும், மேல மயிர் வேர் கம்மி. மண்ணுல வெச்சதும் அதால தண்ணி உறிஞ்ச முடியாது, புது வேர் விடுற வரைக்கும் செடி துவண்டு கிடக்கும். அதனால மண்ணுக்குப் போற செடின்னா வேர் விரல் நீளம் வந்ததுமே மாத்திடணும். பாட்டில் நிறைய வேர் சுத்தின செடியை, உங்க சிங்கோனியம் மாதிரி, தண்ணியிலயே விட்டுடுறது நல்லது.


ஜன்னலோரம் (தருமபுரி)

வளையம் இருக்குங்க தம்பி! எல்லாப் பாட்டில்லயும் இருக்கு. ஒரு வளையம் மட்டும் இல்லை, படி படியா நாலஞ்சு கோடு. நகத்தால சுரண்டினா வெள்ளை மாவா உதிருது. எலுமிச்சை மூடியைத் தேய்ச்சுப் பார்த்தேன், பொசுபொசுன்னு நுரைக்குது. கிண்ணத்துல கிடக்கிற கூழாங்கல்லு கூட சொரசொரன்னு வெள்ளை பூத்திருக்கு. நான் அதை ஒருத்தரும் கவனிக்காத மாதிரி திருப்பித் திருப்பிப் போட்டுக்கிட்டு இருந்தேன்.

சூப்பர் பாஸ்பேட் நான் போட்டதே இல்லை. எந்த உரமும் போட்டதில்லை.


கரும்பலகை

வணக்கம் அம்மா. பென்னாகரம் பக்கம் அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதுமே பாதி விடை தெரிந்துவிட்டது. நர்சரித் தம்பி சூப்பர் பாஸ்பேட் என்றதும் மீதியும் சேர்ந்துவிட்டது. உங்கள் செடியைக் கருக்குவது பெரும்பாலும் புளோரைடுதான்.

நம் மாவட்டத்தின் அடியில் இருப்பது கிரானைட், நைஸ் போன்ற பழம்பாறை. அந்தப் பாறையில் உள்ள சில கனிமங்களில் புளோரைடு உண்டு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் கிடந்து அதைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. பொதுவாகவே இங்கே ஆழம் கூடக்கூடச் சிக்கலும் கூடும். நான் வேலை பார்த்த பள்ளியில், சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகள் வகுப்புக்குச் சிலர் இருப்பார்கள். முன்பற்களில் காவி நிறத்தில் குறுக்குக் கோடுகள். சிறு வயதில் பல் உருவாகும்போது குடித்த தண்ணீரின் வேலை அது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே புளோரைடு பாதிப்புத் தணிப்பு என்று சேர்த்திருப்பார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டுவர, ஜப்பானியக் கடனில் கட்டி, 2013-இல் தொடங்கி வைத்தார்கள்.

இனி உங்கள் கிண்ணத்துக்கு வருவோம். வேர் தண்ணீரை உறிஞ்சும்போது புளோரைடும் கூடவே ஏறுகிறது. தண்ணீர் இலை வழியாக ஆவியாகிப் போய்விடும், புளோரைடு போகாது. தண்ணீர் ஓட்டம் முடிகிற இடம் இலையின் நுனியும் ஓரமும். அங்கேயே சேர்ந்து சேர்ந்து திசுவைச் சாகடிக்கிறது. அதனால்தான் நடு இலை பச்சையாக இருக்கிறது, குருத்து சுத்தமாக விரிந்து பிறகு கருகுகிறது.

எல்லாச் செடியும் இதற்கு ஒரே மாதிரி மசியாது. டிரசீனா, கார்டிலைன், ஸ்பைடர் பிளான்ட், கலாத்தியா இவை எல்லாம் புளோரைடு தாங்காத வகை. மணி பிளான்ட்டும் சிங்கோனியமும் கண்டுகொள்வதே இல்லை. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழி இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. டிரசீனாவுக்கோ அந்த 1 மில்லிகிராமே நுனியைக் கருக்கப் போதும். சூப்பர் பாஸ்பேட் செய்வது பாஸ்பேட் பாறையிலிருந்து. அந்தப் பாறையிலேயே புளோரின் கலந்திருக்கும், உரத்திலும் கொஞ்சம் தங்கிவிடும். தம்பியின் அப்பா அனுபவத்தில் கண்டுபிடித்தது முழுக்கச் சரி.

அடுத்து, நீங்கள் செய்து பார்த்த வைத்தியங்கள். திறந்து வைத்தால் குளோரின் போகும், உண்மை. ஆனால் குளோரின் போடாத போர் தண்ணீரில் போவதற்கு என்ன இருக்கிறது? கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகிக் குறையும், புளோரைடு அப்படியே நிற்கும். ஆகவே கொதித்த தண்ணீரில் முன்னைவிடச் சற்று அதிகம்தான் இருந்திருக்கும்.

ஆர்.ஓ. கழிவு அதைவிட மோசம். ஒரு கணக்குப் போடுவோம். 4 லிட்டர் உள்ளே போய் 1 லிட்டர் குடிநீராக வருகிறது, 3 லிட்டர் கழிவாகப் போகிறது என்று வையுங்கள். நாலு லிட்டரில் இருந்த புளோரைடு ஏறக்குறைய முழுவதும் அந்த மூன்று லிட்டருக்குள் வந்துவிடும். போர் தண்ணீரில் 2 மில்லிகிராம் இருந்தால் கழிவில் 2.7 அளவுக்கு ஏறிவிடும். இதோடு நிற்கவில்லை. நீங்கள் கிண்ணத்தைக் கொட்டுவதில்லை, குறையக் குறைய மேலே ஊற்றுகிறீர்கள். ஆவியாவது வெறும் தண்ணீர், ஊற்றுவது உப்புத் தண்ணீர். நீங்கள் சுரண்டிய வெள்ளைக் கோடுகள் அந்தக் கணக்கின் வரவுப் பதிவேடுதான். எலுமிச்சைக்கு நுரைப்பது அதில் உள்ள கால்சியம் கார்பனேட். கண்ணுக்குத் தெரியாத மற்ற உப்புகளும் அதே வேகத்தில் உள்ளே கூடிக்கொண்டிருக்கும்.

வெறும் உப்புச் சுமையாலும் நுனி கருகலாம் என்பதால் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ரிப்பனை அவிழ்த்து இரண்டு தண்டுகளைத் தனியே எடுங்கள். ஒன்றை மழைத் தண்ணீரிலோ ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரிலோ வையுங்கள். குழாய்த் தண்ணீருக்கு ஒரு ராத்திரி திறந்து வைப்பது பொருந்தும், அதில் குளோரின் உண்டு. மற்றொன்றை உங்கள் போர் தண்ணீரில் வைத்து, அடிக்கடி முழுவதும் கொட்டி மாற்றுங்கள். இரண்டையும் கழுவிய பாட்டிலில் வைக்க வேண்டும். கருகிய நுனி எந்த மருந்துக்கும் மறுபடி பச்சையாகாது. கத்தரியால் இலையின் வடிவிலேயே, ஒரு நூலளவு பழுப்பை விட்டு வெட்டிவிடலாம். இனிமேல் வரும் குருத்து என்ன சொல்கிறது என்று பாருங்கள். இரண்டாவது தண்டு தேறினால் உப்பு. முதலாவது மட்டும் தேறினால் புளோரைடு.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், செடிக்கு அப்பாற்பட்டது. குடிப்பது ஆர்.ஓ. தண்ணீர் என்றீர்கள். சோறு வடிப்பது எதில்?


ராயபுரம்ரமணி

எல்லாரும் கெமிஸ்ட்ரி பேசினு இருக்கீங்க, கொசுவை மறந்துட்டீங்களே! குறையக் குறைய ஊத்துறாங்க, கொட்டுறதே இல்லன்றாங்க. டெங்கு கொசுவுக்கு இதவிட நல்ல பிரசவ ஆஸ்பத்திரி எங்க கிடைக்கும்?

எங்க தெருவுக்கு புழு பாக்க வர்ற அம்மா டார்ச் எடுத்துனு நேரா போறது ரெண்டு இடத்துக்குத்தான். ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இருக்குற தட்டு, அப்புறம் மணி பிளான்ட் பாட்டில். ஏடிஸ் கொசு சாக்கடைக்குப் போகாது, வீட்டுக்குள்ளயும் வீட்டச் சுத்தியும் தேங்கி நிக்குற நல்ல தண்ணியத்தான் முட்ட வெக்கத் தேடி வரும். முட்டைலேர்ந்து கொசுவா பறக்க வெயில் காலத்துல ஏழெட்டு நாள் போதும். அதனால வாரத்துக்கு ஒரு வாட்டி தண்ணிய மொத்தமா கொட்டணும்.

கொட்டினா மட்டும் போதாது. அது முட்டய தண்ணிக்குள்ள போடாது, தண்ணி மட்டத்துக்கு மேல பாட்டில் சுவத்துல ஒட்டி வெக்கும். மிளகுத்தூள் மாதிரி கறுப்பா பொடிப்பொடியா இருக்கும். பாட்டில் காஞ்சாலும் மாசக்கணக்குல உயிரோட கெடந்து, மறுபடி தண்ணி தொட்டதும் பொரிஞ்சிடும். அதனால பாட்டில் கழுவுற பிரஷ் போட்டு உள்பக்கம் நல்லா தேய்க்கணும். உங்க வெள்ள வளையமும் அதோட போயிடும். கூழாங்கல்லையும் எடுத்துத் தேய்ங்க. பாட்டில் வாய்ல தண்டச் சுத்தி பஞ்சு அடச்சிட்டா கொசு உள்ள போகாது, காத்து போகும்.

பச்ச பாசி புடிக்குதுன்னா பாட்டில் வெளிப்பக்கம் பிரவுன் பேப்பர் சுத்துங்க. வெளிச்சம் இல்லன்னா பாசி வராது. டானிக் பாட்டில் மாதிரி பிரவுன் கண்ணாடி கெடச்சா இன்னும் நல்லது.

மழை தண்ணிக்கு எங்க போறதுன்னா, ஏசி இருக்கா வீட்ல? அதுலேர்ந்து சொட்டுற தண்ணி காத்துல இருக்குற ஈரம் குளுந்து வர்றதுதான், அதுல உப்பும் கெடயாது புளோரைடும் கெடயாது. நான் டிரசீனாக்கு அதத்தான் ஊத்துறேன். ஏசி பில்டர் சுத்தமா இருக்கணும், அவ்ளோதான்.


ஜன்னலோரம் (தருமபுரி)

சார், நீங்க கடைசியில கேட்ட கேள்விதான் என்னை உட்கார வெச்சிடுச்சு. சோறு, பருப்பு, காப்பி எல்லாம் போர் தண்ணிதான். ஆர்.ஓ. தண்ணி குடிக்க மட்டும்னு ஒரு கேன்ல பிடிச்சு வெச்சுக்குவோம். "சமைக்கிறது கொதிக்கத்தானே போகுது"ன்னு மெஷின் மாட்ட வந்த பையன் சொன்னான். நாங்களும் சரின்னு விட்டுட்டோம். வீட்டுல சின்னக் குழந்தை இருக்கு.

ரமணி அண்ணா, டார்ச் அடிச்சுப் பார்த்தேன். சிங்கோனியம் பாட்டில்ல ரெண்டு புழு நெளிஞ்சுது. மாமியார் பார்க்கிறதுக்கு முன்னாடி மொத்தத்தையும் கொல்லையில கவிழ்த்துட்டேன். ஏசி எங்க வீட்டுல இல்லைங்க. பாலக்கோட்டுல அம்மா வீட்டுக்கு ஒகேனக்கல் தண்ணி வருது, ரெண்டு கேன் கொண்டுவரச் சொல்லியிருக்கேன்.

ஒரு சந்தேகம். மழைத் தண்ணியில சத்து எதுவும் இருக்காதே, செடி எதைத் தின்னும்? பஞ்சகவ்யம் வீட்டுல இருக்கு, ரெண்டு சொட்டு விடலாமா?


ஓசூர்நர்சரி

பஞ்சகவ்யம் பாட்டில்ல வேண்டாம்க்கா! அது மண்ணுல இருக்கிற நுண்ணுயிருக்குத் தீனி. தேங்கின தண்ணியில விட்டா ரெண்டே நாள்ல புளிச்சு, இருக்கிற பிராணவாயுவை எல்லாம் அது உறிஞ்சிடும், வேர் அழுகும். ஹால் முழுக்க நாறும், அப்புறம் உங்க மாமியார் என்னைத் தேடிக்கிட்டு ஓசூருக்கே வந்துடுவாங்க. உரக்கடையில 19:19:19னு தண்ணியில கரையுற உரம் கிடைக்கும். தோட்டத்துக்குத் தெளிக்க லிட்டருக்கு 5 கிராம் போடுவோம். பாட்டிலுக்கு அவ்வளவு போட்டா வேர் வெந்துடும். லிட்டருக்கு கால் கிராம், அதாவது ரெண்டு விரல் நுனியில எடுக்கிற சிட்டிகை போதும். அதுவும் மாசத்துக்கு ஒரு தடவைதான்.


கரும்பலகை

தம்பி சொன்ன அளவு சரி. 19:19:19-இல் இருக்கும் தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா வடிவம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மண்ணில் நுண்ணுயிர்கள் அதை உடைத்துக் கொடுக்கும். பாட்டிலில் அந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும். சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் அதில் கிடையாது. ஹைட்ரோபோனிக் உரம் என்றே விற்பது கிடைத்தால் அதில் இவை இருக்கும், தழைச்சத்தும் பெரும்பகுதி நைட்ரேட்டாக இருக்கும். அட்டையில் போட்டிருப்பதில் கால் பங்கு போதும். வேகமாக வளர்க்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

சத்து பற்றி நீங்கள் கேட்டது முந்நூறு வருஷத்துக் கேள்வி. செடி தண்ணீரை மட்டும் தின்று வளர்கிறதா என்று பார்க்க ஜான் உட்வர்டு என்ற ஆங்கிலேயர் புதினாத் தண்டுகளைப் பல வகைத் தண்ணீரில் வைத்தார்: மழைத் தண்ணீர், தேம்ஸ் ஆற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், தோட்டத்து மண்ணைக் கலக்கிய தண்ணீர். 1699-இல் அவர் வெளியிட்ட முடிவு: மண் கலந்ததில் அதிக வளர்ச்சி, தெளிந்த தண்ணீரில் குறைவு. எந்தெந்த உப்பு வேண்டும் என்று பிரித்துச் சொல்ல ஜெர்மனியில் சாக்ஸும் குனோப்பும் வர வேண்டியிருந்தது, அது 1860-களில். ஆகவே மழைத் தண்ணீர் டிரசீனாவுக்குப் பாதுகாப்பான தண்ணீர். சாப்பாட்டைத் தனியாகப் போட வேண்டும்.

வெயில் காலத்தில் கிண்ணம் சூடேறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். நம் ஊர்ச் சித்திரையில் ஜன்னல் திட்டு இன்னும் மேலே போகும். வாரம் ஒரு முறை கொட்டி மாற்றினாலே புதுக் காற்றும் சேர்ந்துவிடும். தண்டு முழுவதையும் முக்காதீர்கள், வேர் முங்கினால் போதும்.

சமையல் தண்ணீருக்கு வருகிறேன். இதைத் தள்ளிப் போட வேண்டாம். அரிசியும் பருப்பும் வேகும்போது தண்ணீரையும் அதிலுள்ளதையும் சேர்த்துத்தான் இழுத்துக்கொள்ளும். இன்றைக்கே ஆர்.ஓ. தண்ணீருக்கு மாற்றிவிடுங்கள். மாவட்டத்தில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கிறது, கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். போர் தண்ணீர் ஒன்று, ஆர்.ஓ.வில் வரும் குடிநீர் ஒன்று, இரண்டையும் கொடுங்கள். மெஷினுக்குள் தண்ணீரை வடிக்கும் சவ்வு பழுதாகியிருந்தால் இரண்டாவது சோதனைதான் காட்டிக்கொடுக்கும். புளோரைடுக்குக் கண்ணாடி பாட்டில் வேண்டாம். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில், அதே தண்ணீரால் இரண்டு மூன்று தடவை அலசிவிட்டுப் பிடியுங்கள்.


ஜன்னலோரம் (தருமபுரி)

ரொம்ப நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். நடுவுல கோடை மழை நல்லா பிடிச்சுது. மொட்டை மாடியில, மேல எதுவும் மறைக்காத இடமாப் பார்த்து, அண்டாவை வெச்சு மழைத் தண்ணியைப் பிடிச்சு, துணி கட்டி மூடி வெச்சிருக்கேன் (துணி ரமணி அண்ணனுக்காக).

முதல்ல பேம்பூ. அம்மா வீட்டுத் தண்ணியில ஆரம்பிச்சு இப்போ மழைத் தண்ணியில நிக்கிற தண்டு புதுசா விட்ட இலை எல்லாம் நுனி வரைக்கும் பச்சை. ஊசி மாதிரி கூரா இருக்கு. லக்கி பேம்பூ இலைக்கு நுனி இப்படித்தான் இருக்கும்னே நான் மறந்து போயிருந்தேன். போர் தண்ணியில விட்டு வாராவாரம் கொட்டி மாத்தின தண்டுல கருகல் கொஞ்சம் மெதுவாச்சு, நிக்கலை. அதனால சார் சொன்ன புளோரைடு கட்சிதான் ஜெயிச்சுது. இப்போ எல்லாத் தண்டையும் மழைத் தண்ணிக்கு மாத்திட்டேன். ரிப்பனைத் திரும்ப அதே மாதிரி கட்டத் தெரியலை, நாத்தனார் கண்டுபிடிச்சா பார்த்துக்கலாம்.

ஸ்பைடர் பிளான்ட்டும் தேறுது. மணி பிளான்ட்டுக்கும் சிங்கோனியத்துக்கும் பழையபடி ஆர்.ஓ. கழிவுதான், வாரம் ஒரு நாள் கொட்டித் தேய்ச்சு, வாயில பஞ்சு அடைச்சு. அதுங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

ஆய்வக ரிப்போர்ட் வந்துடுச்சு. போர் தண்ணியில புளோரைடு 2.3. குடிக்கிற தண்ணியில 0.2. மெஷின் ஒழுங்காத்தான் வேலை செய்யுது, நாங்கதான் பாதி வேலையை அதுகிட்ட கொடுக்கலை. இப்போ சமையல் மொத்தமும் ஆர்.ஓ. தண்ணிதான். சோத்துல ருசி போயிடுச்சுன்னு மாமியார் ஒரு வாரம் முணுமுணுத்தாங்க. ரிப்போர்ட்டை அவங்ககிட்டயே படிக்கக் கொடுத்தேன். அவங்க ஊர் பென்னாகரம் பக்கம், சின்ன வயசுலேர்ந்தே முன்பல்லுல காவிக் கோடு. படிச்சு முடிச்சதும் பக்கத்து மனைக்காரங்க வீட்டுக்கு அவங்களே ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அவங்க வீட்டுல ஆர்.ஓ.வே இல்லை.

சமையலுக்கும் பிடிக்கிறதால கழிவுத் தண்ணி முன்னைவிட ரெண்டு வாளி அதிகமாச்சு. அதைக் கொல்லையில இருக்கிற தென்னைக்கு விடலாமா சார்?


கரும்பலகை

தாராளமாக விடலாம் அம்மா. தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும், மழைக்காலத்தில் மண்ணும் கழுவிக்கொள்ளும். ஒரே இடத்தில் ஊற்றாமல் பாத்தியைச் சுற்றிலும் மாற்றி மாற்றி விடுங்கள். கீரைப் பாத்திக்கு மட்டும் வேண்டாம். பக்கத்து மனைக்காரர்களையும் அவர்கள் போர் தண்ணீரைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். பாறை இடுக்கு மாறினால் அளவும் மாறும், உங்கள் 2.3 அவர்களுடையது ஆகாது.


பால்கனிவாசி

அப்போ திருட்டு மணி பிளான்ட் விஷயத்துக்கு கடைசி வரைக்கும் பதில் வரலை.


ஜன்னலோரம் (தருமபுரி)

நாத்தனார் வீட்டு மாடியிலேர்ந்து. சொல்லிட்டு எடுக்கலை.